தரவுப் பணியைக் கணினி மேற்பார்க்கட்டும். ஆனால் காரணம் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காகிதப் படிவங்களை விட்டுக் கைப்பேசிச் செயலிக்கு மாறுவது பற்றியும், நாடு முழுவதும் சுமார் 30 லட்சம் களப்பணியாளர்களின் வேலையை ஓர் இணையத் தளத்தின் வழியே அன்றன்றைக்கே மேற்பார்வையிடும் ஏற்பாடு பற்றியும் வரும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். வேகம் கூடும், செலவு குறையும், முடிவுகள் விரைவில் வெளிவரும் என்றெல்லாம் அவற்றில் பேசப்படுகிறது. இத்தனை பெரிய தரவுப் பணியை மேற்பார்ப்பது என்றால் என்ன, அந்த வேலையில் எந்தப் பகுதியைக் கணினியிடம் விடலாம், எதை விடக் கூடாது என்பது பற்றி மட்டும் ஒரு வரியும் காணவில்லை. நாகர்கோவிலில் ஒரு தரவுப் பதிவு அலுவலகத்தில் 1996இல் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு ஷிப்ட் மேற்பார்வையாளராகி, கடைசி ஒன்பது ஆண்டுகள் தரச் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மேற்பார்வையைக் கணினிக்கு மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. சொல்லப்போனால், எங்கள் அலுவலகத்தில் அதற்கான விதிகளில் பாதிக்கு மேல் எழுதியவன் நானே. கீழே சொல்லவிருக்கும் பிழைகளில் ஒன்றும் என்னுடையதே. வேலை எங்கே நிற்கிறது, எந்தக் கோப்பு குறைகிறது, எந்த எண் மற்றொன்றுடன் முரண்படுகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பைக் கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். வேலை செய்தவர் தவறிழைத்தார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை, காரணத்தை எழுத்தில் தரும் கடமையும் அதை மறுத்துப் பேச ஒரு வழியும் இல்லாமல் அதற்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். இது வேலை செய்பவரின் மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் சொல்வதன்று. அப்படிக் கொடுத்தால் தரவே கெட்டுப்போகிறது என்பதை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் மேற்பார்வைக்கென்று இருந்த ஒரே கருவி, 'கம்பேர்' என்று நாங்கள் அழைத்த ஒரு சிறு புரோகிராம். ஒரே பக்கத்தை இரண்டு ஆபரேட்டர்கள், ஒருவர் அடித்ததை மற்றவர் பாராமல், தனித்தனியே தட்டச்சு செய்வார்கள். புரோகிராம் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் முன் வைக்கும். அவர் ஸ்கேன் செய்த பக்கத்தைப் பார்த்து எது சரி என்று முடிவு செய்வார். துளையட்டைக் காலத்திலிருந்தே வழக்கில் இருந்த முறைதான் இது: ஒருவர் துளையிட்ட அட்டையைச் சரிபார்ப்பு இயந்திரத்தில் வைத்து மற்றொருவர் மறுபடியும் அடிக்க, ஒத்துவராத இடத்தில் இயந்திரம் நின்றுவிடும். எங்கள் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 99.95 விழுக்காடு துல்லியம் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஏறத்தாழ முழுமை போலத் தோன்றும் இந்த எண்ணுக்கு, 2,000 எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தில் ஒரு பிழை வரை பொறுத்துக்கொள்ளப்படும் என்பதே பொருள். 99.995 வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பத்துப் பக்கத்துக்கு ஒரு பிழை. அதற்கு இருமடங்கு ஆட்கள்.

அந்த எளிய முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. மை பரவிய ஓர் எண்ணை இருவருமே 7 என்று படித்துவிட்டால், கம்பேருக்கு அங்கே வேறுபாடு எதுவும் தெரியாது. அது 1 என்பதைப் பார்க்க மூன்றாமவர் அந்த இடத்துக்கு அழைக்கப்படவே மாட்டார். கணினி கண்காணித்தது இருவருக்கும் இடையிலிருந்த ஒற்றுமையைத்தான். எழுதப்பட்டது உண்மையா என்பதை அது ஒருபோதும் கண்காணித்ததில்லை. இந்த ஓட்டையை நாங்கள் அறிந்திருந்தோம். ஆகவே ஒரே ஊரில் படித்த, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்த இருவருக்கு ஒரே பக்கத்தைக் கொடுக்க மாட்டோம். மேற்பார்வை என்பது அந்த நாட்களில் இப்படிப்பட்ட சிறு முன்யோசனைகளின் தொகுப்பாகவே இருந்தது.

என் பிழைக்கு வருகிறேன். பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, அவற்றின் தேதி, சர்வே எண், பரப்பு, எல்லைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் வேலை ஒன்று வந்தது. பல ஆயிரம் பத்திரங்கள். பெரும்பகுதி திருவிதாங்கூர் காலத்தவை. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்களை மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து சேர்த்திருந்தோம். அத்தனை பக்கங்களையும் கண்ணால் பார்க்க ஆள் போதாது என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை விதி எழுதினேன். ஆண்டு என்ற கட்டத்தில் 1850க்குக் குறைவாகவோ 2000க்கு அதிகமாகவோ எண் வந்தால் திரை சிவப்பாகும். சிவப்பு இருக்கும்வரை அந்தப் பக்கம் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத பக்கத்துக்குக் கூலி இல்லை. விதி எழுதி முடித்த அன்று எனக்கு மிகுந்த மனநிறைவு. மாலையில் பார்த்தால் ஒவ்வொரு பேட்ச்சும், அதாவது பக்கத் தொகுதியும், பச்சையாக இருந்தது.

திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் எழுதப்படும் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிட 824 அல்லது 825 குறைவாக வரும் கொல்லம் ஆண்டு என்பது தெரியாதவன் இந்த மாவட்டத்தில் இருக்க முடியுமா? எனக்கும் தெரியும். என் சொந்தப் பூர்வீகப் பத்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் விதியை எழுதியபோது நினைவில் நின்றது நான் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட ஐம்பது பத்திரங்கள் மட்டுமே. அவை எல்லாம் 1956இல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுடன் இணைந்த பிறகு எழுதப்பட்டவை. பணி தொடங்கிய முதல் நாளே 1098 என்று அடித்த ஆபரேட்டருக்குத் திரை சிவந்தது. ஏன் என்று விதி சொல்லவில்லை. 'செல்லாத மதிப்பு' என்ற இரண்டு சொற்களைத் தவிர அதில் எதையும் நான் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் 1098 என்றே அடித்துப் பார்த்த அவர், நான்காம் முறை 1898 என்று அடித்தார். பச்சை வந்தது. மதிய உணவு வேளைக்குள் அந்த வரிசை முழுவதும் செய்தி பரவிவிட்டது. இரண்டாம் ஆபரேட்டரும் அதையே செய்ததால் கம்பேரும் மௌனமாக இருந்துவிட்டது.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஆண்டுவாரியாகப் பத்திரங்களின் எண்ணிக்கையைத் தற்செயலாக ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோதுதான், 1870களிலிருந்து 1890களின் முடிவுவரை ஒரு குன்றும் அதன் பிறகு ஏறத்தாழ வெறும் சமவெளியும் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன். கொல்லம் 1098 என்பது ஆங்கில ஆண்டில் 1922–23. எங்கள் பதிவில் அந்தப் பத்திரங்கள் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் பின்னே தள்ளப்பட்டிருந்தன. நிலத் தகராறு ஒன்றில் இந்தத் தேதியை நம்பி ஒருவர் வழக்காடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு நான் தூங்கவில்லை. பதிவுகளைத் திருப்பி எடுத்து எல்லாவற்றையும் மறுபடியும் செய்தோம். ஆபரேட்டர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நிர்வாகம் சொன்னது. நான் அதை ஏற்கவில்லை. உண்மையை அடித்தால் கூலி மறுத்து, பொய்யை அடித்தால் கூலி கொடுக்கும் ஓர் ஏற்பாட்டை அமைத்தவன் நான். அவர்கள் அதற்குள் வேலை செய்தார்கள். புதிய விதியில் கொல்லம் ஆண்டா ஆங்கில ஆண்டா என்று தனிக் கட்டம் ஒன்று சேர்த்தோம். அதைவிட முக்கியமாக, 'பத்திரத்தில் இப்படித்தான் இருக்கிறது' என்ற பொத்தான் ஒன்றும் வைத்தோம். அதை அழுத்தினால் பக்கம் நிற்காமல் கணக்கில் ஏறும். மேற்பார்வையாளரின் பட்டியலிலும் ஒரு வரி சேரும்.

இரண்டாம் நிகழ்ச்சி பல ஆண்டுகள் கழித்து, வேலையின் தன்மையே மாறிய பிறகு நடந்தது. கணினிகளுக்குப் பேச்சைப் புரியவைப்பதற்கான தரவு தயாரிக்கும் பணி ஒன்று எங்களுக்கும் வேறு இரண்டு ஊர்களிலுள்ள அலுவலகங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது. தமிழில் பேசிய சிறு ஒலித்துணுக்குகளைக் கேட்டு, எழுத்தில் பெயர்த்து, அது எதைப் பற்றிய பேச்சு என்று வகை பிரிக்க வேண்டும். மேற்பார்வை முழுவதும் வேலை கொடுத்த நிறுவனத்தின் மென்பொருளிடம் இருந்தது. ஏற்கெனவே விடை தெரிந்த துணுக்குகளை மற்றவற்றோடு கலந்து அனுப்பி, அவற்றுக்கு ஒருவர் அளிக்கும் விடையைக் கொண்டு அவரை மதிப்பிடுவது இந்தத் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். அவற்றை நாங்கள் 'கோல்டு' என்போம். மதிப்பெண் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மென்பொருள் தானாகவே அவருக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிடும். யாரிடமும் கேட்காது, யாரும் அதைக் கேட்கவும் முடியாது.

ஒரு வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேருக்கு வேலை நின்றது. அவர்களில் ஏழு பேர் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைச் சேர்ந்த பெண்கள். அதுவரை நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். எந்தத் துணுக்கில் தவறினார்கள் என்று மென்பொருள் காட்டவில்லை, ஏனெனில் காட்டினால் கோல்டு எது என்று தெரிந்துவிடுமாம். பதினோரு நாட்கள் கடிதம் எழுதி, தொலைபேசியில் கெஞ்சி, கடைசியில் தவறெனக் குறிக்கப்பட்ட துணுக்குகளைக் கேட்க அனுமதி பெற்றோம். அவற்றில் ஒன்றில் ஒரு மூதாட்டி, "வெள்ளம் எப்பம் வரும்?" என்று கேட்கிறார். எங்கள் பெண்கள் 'குடிநீர் விநியோகம்' என்று வகைப்படுத்தியிருந்தார்கள். கோல்டு விடையில் 'வெள்ளப் பேரிடர்' என்று இருந்தது. குமரி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர் என்பதை அந்த விடையை எழுதியவர் கேள்விப்பட்டதே இல்லை போலும். பெரும்பாலான தவறுகள் இதே வகை. மற்ற இரண்டு ஊர்களில் வேலை செய்தவர்கள் கோல்டு விடையோடு அழகாக ஒத்துப்போயிருந்தார்கள். ஆகவே மென்பொருளின் கணக்கில் இந்த ஏழு பேரும் விலகி நின்றவர்கள். விலகி நின்றவர்கள் என்றால் தவறு செய்பவர்கள்.

விடைகள் திருத்தப்பட்டன, அந்தப் பதினோரு நாள் வருமானம் திரும்பவில்லை. ஆனால் என்னை அதிகமாக உறுத்தியது வேறொன்று. வேலை நிற்காத மற்ற குமரிப் பெண்கள் எப்படித் தப்பினார்கள் என்று விசாரித்தபோது, "வெள்ளம்னு கேட்டா பேரிடர்னே அடிச்சிருவோம், சார்" என்றார்கள். கொல்லம் ஆண்டு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தங்கள் தாய்மொழியில் தங்களுக்குத் தெரிந்ததை மறைத்து, இயந்திரம் எதிர்பார்ப்பதை எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கே அங்கே தொடர்ந்து வேலை கிடைத்தது. அவர்கள் எழுதியதைப் படித்து வளர்ந்த கணினி இன்று எந்த ஊர்ப் பாட்டிக்கு என்ன பதில் சொல்கிறதோ!

இப்படியெல்லாம் சொல்வதால் தானியங்கி மேற்பார்வையே வேண்டாம் என்று வாசகர்கள் கருதிவிடக் கூடாது. இரவு ஷிப்ட்டில் 400 பேட்ச்சுகளில் எது பாதியில் நின்றது, எந்தக் கோப்பு இரு முறை வந்தது, எந்த ஸ்கேனில் பக்கம் விடுபட்டது, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த கோப்பும் இங்கிருந்து கிளம்பிய கோப்பும் ஒன்றேதானா என்பவற்றைக் கணினி பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டார் எங்களை இரவில் பார்க்கத் தொடங்கினார்கள். இதில் உலகின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் அணுத்துகள்களை மோதவிடும் ஆய்வுக்காக இயங்கும் கணினி வலையமைப்பு. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் அதில் இணைந்திருக்கின்றன. நம் நாட்டில் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்திலும் அதன் அங்கங்கள் உள்ளன. நாளொன்றுக்குப் பல லட்சம் வேலைகளை ஆட்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், அங்குள்ள அட்லஸ் என்ற ஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டிலிருந்தே பாண்டா என்ற மென்பொருளை உருவாக்கிப் பயன்படுத்தி வருகிறது.

இயற்பியல் ஆராய்ச்சி மாணவியான என் அக்கா மகள் அதன் இயக்கத்தை எனக்கு விளக்கியபோது, இருபது ஆண்டுகள் முன்னரே இதை அறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு பெரிய பணியை முழுவதுமாக ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாமல், முதலில் சில வேலைகளை மட்டும் ஒற்றர்களைப் போல அனுப்பி, அவற்றுக்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் தேவைப்பட்டன என்று அளந்து பார்த்த பிறகே மீதியை அனுப்புகிறார்கள். ஒரு வேலை தோற்றால் ஏன் தோற்றது என்று வகை பிரிக்கிறார்கள்: நினைவகம் போதாமல் தோற்றதென்றால் கூடுதல் நினைவகத்தோடு மறுபடியும் அனுப்புகிறார்கள், வேலையின் புரோகிராமிலேயே பிழை என்றால் எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை என்பதால் நிறுத்திவிட்டு மனிதரிடம் ஒப்படைக்கிறார்கள். ஒரு மையத்துக்குச் சிறு சோதனை வேலைகளைத் தொடர்ந்து அனுப்பிப் பார்த்து, அவை தோற்றால் அந்த மையத்தை வரிசையிலிருந்து தானாகவே விலக்குகிறார்கள். சோதனைகள் மறுபடியும் தேறினால் தானாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். நான் எழுதிய ஆண்டு விதிக்கு இந்த மூன்றில் ஒன்றேனும் இருந்திருந்தால், அதாவது முதல் நாள் இருபது பழைய பத்திரங்களை மட்டும் ஒற்றர்களாக அனுப்பியிருந்தால், மாலைக்குள் பிழை வெளிப்பட்டிருக்கும். எங்கள் ஏழு பெண்களை விலக்கிய மென்பொருளுக்கோ, தானாக விலக்கத் தெரிந்த அளவுக்குத் தானாகச் சேர்த்துக்கொள்ளத் தெரியவில்லை. இத்தனைக்கும் செர்ன் வலையமைப்பு விலக்குவது இயந்திரங்களை. அவற்றுக்கு மாதச் சீட்டும் பள்ளிக் கட்டணமும் கிடையாது.

எச்சரிக்கைகளின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சிறு கணக்கு. ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924இல் முதலில் வரைந்த அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூவார்ட் வழியில் வந்தவர்கள், சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் (அளவைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதற்கான அளவு) வரை பொறுத்துக்கொள்வது வழக்கம். அப்படி எல்லை வகுத்தாலும், எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதே பத்தாயிரத்தில் 27 அளவைகள் எல்லைக்கு வெளியே விழும். 30 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஓர் அளவை என்று வைத்துக்கொண்டால், ஒருவரும் தவறு செய்யாத நாளிலும் 8,100 எச்சரிக்கைகள் எழும். பத்து அளவைகள் என்றால் 81,000. இவை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனால் பணி நின்றுவிடும். ஒன்றுக்கும் போகாவிட்டால் உண்மையான எச்சரிக்கையும் கவனிப்பாரற்றுப் போகும். காற்று ஓயாத ஆரல்வாய்மொழியில் கதவு படபடவென்று அடித்துக்கொண்டால் யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

இனி, நம் மாவட்டத்தில் கணக்கெடுப்புப் பணிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பார்க்கலாம். வீட்டுப் பட்டியல் எடுக்கும் கட்டம் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், தலைக்கணக்கு 2027 பிப்ரவரியிலும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. களப்பணியை மேற்பார்க்கும் எந்தக் கணினி அமைப்பிலும் முதலில் எழுதத் தோன்றும் விதிகள் எவை என்று எனக்கு அனுபவத்தில் தெரியும்: பூட்டிய வீடுகள் அளவுக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை, பல மணி நேரம் பதிவே வராவிட்டால் எச்சரிக்கை, ஆண்–பெண் விகிதம் சராசரியை விட்டு விலகினால் எச்சரிக்கை. வெளிநாட்டிலும் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் குடும்பத்தோடு வாழ்பவர்களின் வீடுகள் நம் கிராமங்களில் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கின்றன. கணக்கெடுப்பாளர் அவற்றைப் பூட்டியவை என்று எழுதினால் அது உண்மை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குக் கணக்கெடுக்கப் போகும் பள்ளி ஆசிரியருக்குச் சிக்னல் கிடைக்காது. மாலையில் இறங்கி வந்த பிறகே அவருடைய நாள் முழுவதற்குமான வேலை சர்வருக்கு ஏறும். தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2011இலேயே நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள் இருந்தபோது நம் மாவட்டத்தில் 1,019 பேர் இருந்தார்கள். நாட்டுச் சராசரியைக் கொண்டு எழுதிய விதிக்கு இந்த மாவட்டமே ஒரு பிழையாகத் தெரியும். பூட்டிய வீடு அதிகம் என்று மூன்று முறை விளக்கம் கேட்கப்பட்ட ஓர் ஆசிரியர், நான்காம் முறை பக்கத்து வீட்டில் விசாரித்து ஏதோ நான்கு பேரை எழுதிவிட்டால் திரை பச்சையாகும். என் ஆபரேட்டர் 1898 என்று அடித்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மறுபுறம், கணினியின் எந்த விதியும் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு: எழுதப்படாமலே போன மனிதர். தவறாக எழுதிய வயது சிவப்பாகும். எழுதாமல் விட்ட ஆளுக்குச் சிவப்பாக ஒரு கட்டமே இல்லை. 2011 கணக்கெடுப்பு முடிந்த பின் மாதிரிப் பகுதிகளில் தனியே நடத்திய மறுஆய்வு, நாட்டில் ஆயிரத்துக்கு 23 பேர் வரை விடுபட்டதாக மதிப்பிட்டது. நம் மாவட்டத்தின் அப்போதைய மக்கள்தொகையான 18,70,374க்கு அந்தத் தேசிய விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால், அளவு புரிவதற்காக மட்டும் சொல்கிறேன், ஏறக்குறைய 43,000 பேர். நாகர்கோவிலின் பல வார்டுகளுக்குச் சமமான கூட்டம்.

இதைக் கண்டுபிடிக்கும் வழியை நம் நாட்டவரே வகுத்துத் தந்திருக்கிறார். 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மதிப்பிட ஆட்களை அனுப்பியபோது, ஒரே பகுதியிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகளை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமாறு எடுத்து, இரு வேறு குழுக்களிடம் கொடுத்தார். எந்தக் குழு எப்போது எங்கே போகிறது என்பது மற்றதற்குத் தெரியாது. இரண்டு முடிவுகளும் எவ்வளவு விலகுகின்றனவோ அதுவே பணியின் தரத்துக்கு அளவுகோல். தனிமனிதர் எவர் மீதும் சந்தேகப்படாமல் பணி முழுவதையும் மேற்பார்க்கும் இந்த முறை, என் எளிய கம்பேர் புரோகிராமுக்குத் தாத்தா என்றே சொல்ல வேண்டும். கணினி வந்த பிறகு இதைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. எந்தப் பகுதிக்கு இரண்டாம் குழு போக வேண்டும் என்று குலுக்கிப் போட்டு எடுக்கும் வேலையைக் கணினியே செய்யலாம்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும், நம் மாவட்டத்தில் பெருகிவரும் தரவு அலுவலகங்களின் நிர்வாகிகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியே நான் கேட்பது இவ்வளவே. எந்த விதியையும் நடைமுறைக்குக் கொண்டுவரும் முன், இந்த ஊரின் பழைய, சரியென்று அறிந்த தரவின் மீது அதை ஓட்டிப் பார்த்து, அது எத்தனை உண்மைகளைப் பிழையென்று சொல்கிறது என்று எண்ணட்டும். திரை சிவக்கும்போது எந்த விதி, எந்த எண், எந்த எல்லை என்று தமிழில் ஒரு வரி தெரியட்டும். உண்மை அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிப் பணியாளர் மேலே செல்ல வழி இருக்கட்டும். அப்படிச் சொல்லப்பட்டவற்றைப் பெயருள்ள ஒரு மேற்பார்வையாளர் 24 மணி நேரத்துக்குள் பார்க்கட்டும். ஒரே விதியை நாலைந்து பேர் மறுத்தால் முதலில் விதியைச் சந்தேகிக்கட்டும். கூலியை நிறுத்துவது, நோட்டீஸ் அனுப்புவது ஆகிய இரண்டும் மனிதரின் கையெழுத்து இல்லாமல் நடக்கக் கூடாது.

கணக்கெடுப்பில் ஆறு கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது நீண்ட நாள் வழக்கம். அந்த மேற்பார்வையாளர்களுக்குத் தாலுகா அளவில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் செயலியை இயக்கும் முறை விரிவாகவே கற்பிக்கப்படும். அதே வகுப்பில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஓர் எச்சரிக்கை தவறென்று தோன்றினால் அதை முடித்துவைக்கும் அதிகாரம் யாருக்கு, அதற்கான காரணத்தை எங்கே எழுதுவது, தொலைபேசியில் யாரை அழைப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தூத்தூர் வட்டாரத்துக்கும் பேச்சிப்பாறை மலைப் பகுதிக்கும் போகவிருப்பவர்களுக்கு அது பணி தொடங்குவதற்கு முந்தைய வாரமே தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தரவுப் பதிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.